மாமாவின் உப்பிய கன்னங்கள்

என் பேச்சுக்கெல்லாம் சிரித்த மாமாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காரிமங்கலம் கல்யாணத்தில் நான் அடித்த அந்த ஜோக், அங்கேயே வாயில் வந்ததல்ல. முதல் நாளே கண்ணாடி முன் நின்று, கன்னத்தை உப்ப வைத்து ஒத்திகை பார்த்தது. இந்த வயதில்!

அக்கா புருஷனைக் கேலி பண்ண மச்சினனுக்கு உரிமை உண்டு, அதுவும் கல்யாணப் பந்தலில். அந்தத் தைரியத்தில் கத்தினேன்: "என்னங்க மாமா, மெட்ராசுல கரண்ட் வெச்சாங்கன்னீங்க, காத்தடிச்சுல்ல அனுப்பியிருக்காங்க!" பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

மூச்சுக் காற்றுக்கே திண்டாடி மீண்டவரிடம் போய்! எனக்கு அறிவு இருந்ததா, மாமா?

உங்கள் நெஞ்சுக் கட்டிக்கு, கதிர்வீச்சு என்றார்களே, அந்தக் கரண்டை வைத்து முடித்த அன்றே டாக்டர் எச்சரித்தார். கட்டி கரைந்தாலும் நுரையீரல் புண்ணாகலாம், சில மாதம் கழித்து வறட்டு இருமல் வரும், மூச்சு வாங்கும், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். உங்களுக்கு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இருமல் அடங்கியது, அந்த மாத்திரையாலேயே முகம் ஊதியது. "ஆளு தேறிட்டாருப்பா" என்றது ஊர்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி மூச்சு வாங்கியது. மொரப்பூர் ஸ்டேஷனில் நாலு எட்டு வைக்க முடியாமல் என் தோளில் சாய்ந்தீர்கள். மெட்ராசில் டாக்டர் கேட்ட கேள்விக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டதாகத் தலையாட்டினீர்கள்.

"மொகம் ஊதுனா ஊதட்டுமே! நாங்க கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்போம். நீங்களா நிறுத்தலாமா? யாரு சொன்னது?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. என் கேலிதான் காரணம் என்று காட்டிக்கொடுக்காமல் இருந்தீர்களா?

இந்த முறை எந்த மாத்திரையும் அந்த இருமலை அடக்கவில்லை.

உங்கள் மாந்தோப்பு, நீங்கள் இல்லாத இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் பையன் பிறந்திருக்கிறான். கன்னம் இரண்டும் உப்பல். எல்லோரும் கிள்ளிக் கொஞ்சுகிறார்கள், நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இனி யார் முகத்தையும் வைத்துச் சிரிக்க வைக்கமாட்டேன், மாமா. கரண்ட் வைத்துக்கொண்டவர் யார் இருமினாலும், நானே கூட்டிப்போய் ரயிலேற்றுவேன். சத்தியம்.

உங்கள் வாய் நீண்ட மச்சினன்

பி.கு.: இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள்: "அட கூறு கெட்டவனே, இருமல் நின்னுபோச்சுன்னு கல்யாணத்துக்கு முந்தியே மாத்திரைய நிறுத்திட்டாருடா. அன்னிக்கு வூட்டுக்கு வந்து, 'உன் தம்பி என்னமோ சொன்னானே, மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, என்ன சொன்னான்?'னு என்னையத்தான் கேட்டாரு."