நாற்காலியில் வரும் அச்சம்

ஐப்பசி 12, வியாழன் இரவு

ஆயிரம் பேர்முன் முழங்கும்போது வராத அச்சம், தலைவர் நாற்காலியில் மாலையோடு அமர்ந்து பிறர் பேச்சைக் கேட்கும்போது ஏன் வருகிறது? நெஞ்சு படபடக்கிறது, இக்கணமே இறப்பேன் என்று தோன்றுகிறது. மூன்று கூட்டங்களில் பாதியிலேயே எழுந்து வெளியேறினேன். இது நெஞ்சுநோயா, என்றேனும் தீருமா என்றறிய இன்று ரிச்சர்ட்ஸ் டவுன் மருத்துவரிடம் சென்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க இயலாதென்று எழுதிய மடலும் சட்டைப்பையில் இருந்தது.

நெஞ்சைச் சோதித்த மருத்துவர், "நல்லாத்தான் இருக்கு. மேடையில பேசற மாதிரி கொஞ்சம் பேசுங்க," என்று என் நாடியைப் பிடித்தார். பேசினேன். கம்பவுண்டர் கதவருகே வந்து கைதட்டினார்.

"ஏம்ப்பா, நீ போய் மருந்தைக் கலக்கு!" என்று அவரை விரட்டிவிட்டு, மருத்துவர் என்னிடம் கேட்டார்: "நாடி குதிரையா ஓடுது ஐயா. இப்ப பயமா இருக்கா?"

"இல்லை."

"நாற்காலியில ஓடறதும் இதே ஓட்டந்தான். அங்க சும்மா உட்கார்ந்து அதையே கவனிக்கறீங்க."

"மீண்டும் வருமா?"

"வரும். எழுந்து ஓடாதீங்க, தானா அடங்கும்."

"எவ்வளவு நேரத்தில்?"

"அதை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்!"

உண்மைதான். அது அடங்கும்வரை நான் ஒருமுறையும் அமர்ந்திருந்ததில்லை. மடலை அனுப்பவில்லை. பேச்சாளர்களின் நேரத்தை அளக்கத் தலைவர் மேசையில் கடிகாரம் வைப்பார்கள். ஞாயிறன்று இதையும் அளந்துவிடுகிறேன்.