நட்சத்திரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்

அவனியாபுரம், மதுரை-12
21.11.2004, ஞாயிறு

அன்புள்ள தேவிகாவுக்கு,

ராஜகுரு எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் நான், ரம்யாஸ்ரீ, உன் அப்பா மூவரும் நலம். அந்த அமெரிக்க மலைக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடிதத்தில் மட்டும் தமிழ்ப் பண்டிதரா என்று சிரிக்காதே. நம் பாஷையில் எனக்குத் திட்டத்தான் வரும், எழுத வராது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஏசி ரிப்பேருக்கு வந்த ஆளைக் காக்க வைத்துவிட்டுக் கடையிலேயே படித்தேன். நட்சத்திரம் பார்க்கிற உன் கருவியை வைத்து மூடும் வேக்குவம் தொட்டியில் காற்று கசிகிற இடம் ஒருவழியாக அகப்பட்டதே, நிம்மதி. காரணத்தைப் படித்ததும்தான் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆயுத பூஜையன்று இங்கே நான் என் வேக்குவம் பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நீயும் அங்கே சும்மா இருக்கவில்லை. மூடப்போகிற தொட்டியின் மூடிக்கு, அதுவும் ரப்பர் வளையம் உட்காருகிற விளிம்பிலா பொட்டு வைப்பாய்? சந்தனம் காய்ந்து உதிர்ந்து வளையத்தில் ஒட்டினால் காற்று உள்ளே வராமல் என்ன செய்யும்? ஃபிரிட்ஜ் மெக்கானிக் பெண்டாட்டி செய்கிற காரியமா இது!

ஆனால் கண்டுபிடித்ததும் மறைக்காமல் நீயே போய் உன் மேலதிகாரி தாமஸ் சாரிடம் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பெரிது. அவர் கோபப்பட்டு உன்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. மனிதர் உன்னோடு சேர்ந்து மூடியைத் துடைத்து, புது வளையம் மாட்டி, அடுத்த பூஜைக்குப் பொட்டு வைக்க வெளிக்கதவில் ஒரு தகடும் அடித்துக் கொடுத்தாராமே! அவர் நல்லா இருக்கணும். ஒரு 'தேங்க்ஸ்' சொல்லி முடித்துவிடாதே. மதுரையில் ஒரு குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது என்று விளக்கமாகச் சொல்.

உன் அப்பாவிடம் கசிவு சரியானதை மட்டும் சொன்னேன். குங்குமப் பொட்டலத்தை உன் பெட்டியில் வைத்ததே மாமாதானே, உண்மை தெரிந்தால் சாப்பிட மாட்டார். பூஜை போட்டதால்தான் சின்னதோடு போயிற்று என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். ரம்யாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வருவது அவர்தான். மழையில் ஷேர் ஆட்டோ கிடைக்காத அன்று முட்டிவலியோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

பக்கத்து லேத் பட்டறை பேயாண்டி அண்ணன் உன்னை விசாரித்தார். "நம்ம பூமி மாதிரியே இன்னொண்ணு கெடச்சா, அங்கனயாச்சும் காளவாசல்ல இம்புட்டு டிராபிக் இல்லாம பாத்துக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். பெண்டாட்டியை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டானே என்று டீக்கடையில் ஒருவன் ஏதோ பேச, அவனை இவர் வாயடைத்த கதையும் காதுக்கு வந்தது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரம்யா உன்னைப் பற்றி வகுப்பில் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க அப்பா வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றாரு, எங்க அம்மா நட்சத்திரத்துக்கு ஃபிரிட்ஜ் செய்றாங்க" என்றாளாம். எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அம்மாவின் கருவி நட்சத்திர ஒளியை மெல்லிய கோடுகளாகப் பிரிக்கும். பூமி மாதிரி ஒரு கிரகம் அதைச் சுற்றினால் நட்சத்திரம் லேசாக அசையும், கோடுகளும் இம்மியளவு நகரும். சூடோ காற்றோ பட்டால் கோடு வீணாக நகர்ந்து ஏமாற்றும், அதற்குத்தான் தொட்டி, பம்பு எல்லாம் என்றேன். தொலைநோக்கி தானே கூரையைத் திறந்து தானே பார்த்துக்கொள்ளும், ஆளே வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னேன். அங்கே மாட்டிக்கொண்டேன். "ஆளே வேண்டாம்னா அம்மா ஏன் அங்க இருக்காங்க?" என்றாள். செய்து முடிக்கும்வரை ஆள் வேண்டும் என்றேன். அடுத்து தோசை கேட்டாள்.

இனி நீ கேட்ட விஷயம். மூடியைத் திறந்ததால் வேலை டிசம்பரில் முடியாது, சித்திரை வரை இழுக்கும் என்கிறாய். தாமஸ் சார் இருக்கச் சொல்லியும், பிள்ளை ஞாபகமாகவே இருக்கிறது, டிசம்பரோடு வந்துவிடட்டுமா என்று எழுதியிருக்கிறாய். ஒன்றரை வருஷமாக அந்தக் கருவிக்குள் நீ பார்த்துப் பார்த்து நிறுத்திய கண்ணாடிகள். அதில் முதல் நட்சத்திரத்தின் ஒளி விழும்போது பக்கத்தில் வேறு யாரோ நிற்பதா? அது சரியில்லை.

நீ இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது, தேவிகா. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரட்டுமா என்று எங்களுக்காகக் கேட்டாயே, அந்த மனசு ஒன்றே எனக்குப் போதும். சித்திரைத் திருவிழாவுக்குள் வந்தால் எல்லோருமாக ஆற்றுக்குப் போய் அழகரைப் பார்ப்போம். அவசரப்படாதே. கருவியை முடித்துவிட்டு வா. மீனாட்சி உன் கூடவே இருப்பாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடிதம் கிடைத்த பிறகு ஞாயிறு போன் பண்ணும்போது இதை மறுபடி என்னிடம் கேட்டுவிடாதே. வா என்று சொல்லிவிடுவேன்.

என்றும் உன்,
ராஜகுரு