லென்ஸில் ஒட்டிய மஞ்சத்தண்ணி

என்னங்க,

நம் பாப்பா முதன்முதலில் நடந்ததற்கு விலை நூற்றைம்பது ரூபாய். நேற்று உங்கள் போனில் நான் எடுத்த வீடியோ முழுக்க மஞ்சளாய், மங்கலாய் வந்ததே, அதற்கு லென்ஸ் மாற்ற செல்போன் கடைக்காரர் கேட்டது. பேரம் பேசுமுன் போன் உறையின் லென்ஸ் மூடியைத் தள்ளி முந்தானையால் துடைத்தேன். முந்தானை மஞ்சளாச்சு. இப்போது வீடியோ பளிச்சென்று வருகிறது. பாப்பாதான் மறுபடி முதன்முதலாய் நடக்கமாட்டாள்.

பேத்துப்பாறைத் திருவிழாவில் உங்கள் அத்தை மகள் மகாராணி முறைப்பையன்கள்மேல் மஞ்சத்தண்ணி ஊத்தினாளே, "நான் தூரத்துலதான் நின்னேன், லாவண்யா" என்றீர்கள். போன் மட்டும் கிட்டப் போய் நின்றதாக்கும்!

ரசம் அடுப்படியில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவோடு கடைக்குப் போகிறேன்.

பி.கு.: சொந்தத்தில் இல்லாமல் அசலில் வந்த எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்த முறையில்லை. பச்சைத்தண்ணிக்கு முறை எதற்கு? அவள் வரவு ஒரு செம்பு. என் பாக்கி, கொடைக்கானல் குளிரில் ஒரு குடம்.