அடுக்களை ஜன்னல் அப்படியே இருக்கட்டும்

அத்தான்,

லீவு முடிந்தது, நான் ஸ்கூலுக்குப் போகிறேன். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் மூடி வைத்திருக்கிறேன். மாமிக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.

அடுக்களை ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி போட ஜெரிஷ் வருவான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். ரயில் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு எழும்பிவிடக் கூடாது என்றுதானே இந்தப் புது வீட்டில் கண்ணாடி வேலையைத் தொடங்கினோம். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இனி யாரை உறங்கவைக்க?

கோபத்தில் எழுதவில்லை. ரயில் போகும்போதுதான் நான் அடுக்களையில் நின்று அழுகிறேன். அந்தச் சத்தத்தில் ஹாலில் இருக்கும் மாமிக்குக் கேட்காது. கடைசிப் பெட்டி போவதற்குள் முகம் கழுவிவிடுவேன். "ஏன் மக்கா, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டால், "உள்ளி உரிச்சேன் மாமி" என்பேன்.

ஷைஜா

ஒன்று விட்டுப்போயிற்று. "ஒங்களுக்குக் கல்லு மனசு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்லியே" என்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டேன். அதை மனதில் வைக்காதீர்கள். நேற்று சாயங்காலமும் ரயில் நேரத்துக்கு வழக்கம்போல நீங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்தினீர்கள். காலையில்தான் அங்கே கண்ணாடி போட்டது என்பதை மறந்துவிட்டீர்கள். நான் கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து ரயில் கேட்கவில்லை அத்தான். நீங்கள் அழுதது கேட்டது.

இனி அந்த நேரத்துக்கு அடுக்களைக்கு வாருங்கள். அங்கே வரும் சத்தம் நம் இரண்டு பேருக்கும் போதும்.