ஒன்பது கிலோ நானூறு கிராம்

ஜுருனாஸ், பெலேம்
செப்டம்பர் 29

என் அன்பு மகள் லுசிடால்வாவுக்கு,

அப்பா எழுதுவது. தொலைபேசியில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். இரண்டு வார்த்தை பேசியதும் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஆகவே தாளில் எழுதி, வியாழக்கிழமை அமெரிக்காவுக்குத் திரும்பும் உன் தோழி கேயிலாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். இருந்தாலும் உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வழி தவறிவிடுவேன்.

1. வீட்டுச் செய்திகள்.
2. டிசம்பர் சண்டைப் போட்டி பற்றிய உன் கேள்வி. இரு பக்கமும் எடுத்துச் சொல்வேன், முடிவு உன்னுடையது.
3. உன் எடைக் குறைப்பில் நான் எண்ணைப் படித்துச் சொன்னவன் மட்டுமே என்பது.
4. அம்மாவின் நேர்த்திக்கடன், அதனால் வீட்டில் நடந்த சண்டை.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. அனைவரும் நலம். ஊஞ்சல் படுக்கைக்கு மேலே ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டை மாற்றிவிட்டேன். இப்போது அதற்கு அடுத்த ஓடு ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் நசரே மாதாவின் தேர்த் திருவிழாவில் நடந்தே தீருவேன் என்கிறாள். நீ முதல் சண்டையில் பரிசாக வாங்கி வந்த மேசை விசிறி இன்னும் ஓடுகிறது. கூடைப்பந்து மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடந்த அந்தச் சண்டையில் ஒரு விசிறியும் ஒரு மூட்டை மரவள்ளி மாவும் கொடுத்தார்கள். மாவு அந்த மாதமே தீர்ந்தது.

மீன் சந்தைக்குப் போனால் இன்னும் உன்னைத்தான் கேட்கிறார்கள். "என்ன சார், நம்ம தமுவாதா எப்ப ஊருக்கு வருது?" என்று ஒருவன் கத்தினான். அவன் கையிலும் ஒரு தமுவாதா துடித்துக்கொண்டிருந்தது. குளம் வற்றினாலும் சேற்றில் நடந்து அடுத்த குளத்துக்குப் போகும் அந்த ஓட்டு மீனின் பெயரை இந்த ஊர் உனக்கு வைத்தபோது நான் வெட்கப்பட்டேன். இப்போது எனக்கும் பிடித்திருக்கிறது.

இரண்டாவது. உன் குரல் செய்தியை ஆறு முறை கேட்டேன். "அப்பா, நீங்க வாழ்க்கை முழுக்க அளந்தவரு. ஒரே ஒரு தடவை எனக்கும் அளந்து சொல்லுங்க. டிசம்பர் சண்டைக்கு ஒத்துக்கவா, வேணாமா? சுத்தி வளைக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாய். பதினைந்தாம் தேதிக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

ஒத்துக்கொள்வதற்கான காரணங்கள்: அது ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவில் பட்டத்துக்கான சண்டை. ஏற்கெனவே ஒரு முறை மூன்று நடுவர்களில் ஒருவரின் கணக்கால் அது உன் கையை விட்டுப் போனது. உனக்கு முப்பத்து நான்கு வயது. பத்தொன்பது வெற்றி, ஆறு தோல்வி. ஐம்பத்தேழு கிலோப் பிரிவுக்கு ஏறினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பட்டம் உன் முறைக்கு வருவதற்குள் காலம் போய்விடும்.

மறுப்பதற்கான காரணம் ஒன்றுதான். ஜூன் மாதத்தில், எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய நாள், ஹோட்டல் குளியலறையில் நீ விழுந்தாய். நான்கு நாள் மருத்துவமனை. ஐம்பத்திரண்டு கிலோவுக்கு இன்னொரு முறை உடம்பை வற்ற வைத்தால் சிறுநீரகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று மருத்துவர் சொன்னதை நீயே எங்களுக்குச் சொன்னாய்.

ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஒன்று. எந்தப் பக்கம் கனம் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. முப்பத்தோரு வருடம் முத்திரை ஆய்வாளனாக இருந்தேன். சந்தைத் தராசுகளைச் சோதித்து, "அனுமதிக்கப்பட்ட பிழைக்குள்" என்று எழுதிக் கையெழுத்திட்டதே என் தொழில். கசாப்புக் கடைக்காரன் முறைத்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். இதை இங்கே நிறுத்திவைக்கிறேன். பிறகு வருகிறேன்.

மூன்றாவது. இதைப் பல நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறேன். உன்னைச் சண்டைக்கு அனுப்பியவன் நான் அல்ல. பன்னிரண்டு வயதில் நீயாக எடில்சனின் பயிற்சிக்கூடத்துக்குப் போனாய். எந்த எடையில் சண்டை போடுவது என்று முடிவு செய்தவர் எடில்சன். எனக்குத் தெரிந்தது தராசு. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய தராசை வாங்கி, பழுது பார்த்து, கூடத்தில் வைத்தேன். நீ ஏறினாய், நான் எண்ணைப் படித்து நோட்டில் குறித்தேன். எடில்சன் வாசலில் நின்று, "என்ன அர்லிந்தோ சார், உங்க தராசு இன்னிக்குச் சிரிக்குதா, அழுவுதா?" என்று கேட்பார். நான் எண்ணை மட்டும் சொல்வேன். அது சிரிப்பா அழுகையா என்று சொல்வது என் வேலை அல்ல என்று நினைத்தேன்.

மனாவுஸுக்குச் சண்டைக்காகப் படகில் போனோமே, நினைவிருக்கிறதா? உனக்கு இருபத்தொரு வயது. ஐந்து நாள் பயணம். நான் தராசையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் நாளே பயணிகள் எல்லாரும் தங்கள் எடையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். ஒரு பருத்த வியாபாரி, "சார், ஆறு ஓடுற பக்கமா நின்னா குறையுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தான். படகு ஆடியதால் எண் நிற்கவில்லை. பரின்டின்ஸ் துறையில் படகு நின்ற அரை மணி நேரத்தில் தராசைக் கரையில் இறக்கி, நான்கு கால்களுக்கும் கீழே அட்டை மடித்து வைத்துச் சமன் செய்து உன்னை ஏற்றினேன். எழுநூறு கிராம் அதிகம்.

வியர்த்து எடை குறையட்டும் என்று இயந்திர அறைக்குப் பக்கத்தில் உன்னைப் பிளாஸ்டிக் தாளும் கம்பளியும் சுற்றிப் படுக்க வைத்தேன். நான் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ உதட்டை நனைக்க ஒரு வாய் தண்ணீர் கேட்டாய். இன்னும் முந்நூறு கிராம் இருக்கிறது என்று சொன்னேன். பக்கத்து ஊஞ்சலில் கிடந்த கிழவி எழுந்து வந்து, "ஏன்யா பெரிய மனுசா, பெத்த பொண்ணையா கருவாடு போடுற?" என்று கேட்டாள். அவளுக்குப் பிரிவுகள், வரம்புகள், ஒரு நாளில் உடம்பு தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதம் எல்லாவற்றையும் தசமப் புள்ளியோடு விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "உப்பு மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மனாவுஸில் தராசு சரியாக ஐம்பத்திரண்டைக் காட்டியது. மறுநாள் இரண்டாம் சுற்றில் நீ வென்றாய். ஊர் திரும்பியதும் எடில்சன் என்னை எல்லாரிடமும், "இவரு நோட்டு இல்லாட்டி நாம இல்ல" என்று அறிமுகம் செய்தார். என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அன்று முதல் ஒவ்வொரு சண்டைக்கும் மணிவாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். நீ சாவோ பாவ்லோவுக்குப் போனாய், பிறகு அமெரிக்காவுக்குப் போனாய். அட்டவணையும் கூடவே வந்தது. உன் அறைச் சுவரில் அது ஒட்டியிருந்ததைப் படத்தில் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனாலும் எண்ணைப் படிப்பவன் எண்ணுக்குப் பொறுப்பாக முடியாது. இதுதான் என் மூன்றாவது செய்தி.

நான்காவது. ஜூனில் உன் செய்தி வந்த நாளில், "என் பொண்ணு எழுந்து நடந்தா, அவ எடைக்கு எடை மெழுகு தர்றேன் தாயே" என்று அம்மா நசரே மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நீ எழுந்து நடந்துவிட்டாய். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அளக்கும் வேலை என்பதால் என்னிடம் விட்டாள். நான் மெழுகுக்கடை பந்தோஜாவிடம் போய், 52 கிலோ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் உருக்கிப் பாளம் பாளமாக வார்த்துத் தள்ளுவண்டியில் வீட்டுக்கு அனுப்பினார். ரசீது அம்மா கையில் சிக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். "இது யாரோட எடை?" என்று கேட்டாள். உன்னுடையது, அதிகாரபூர்வமான எடை என்று சொன்னேன். "மாதா என்ன குத்துச்சண்டை கமிட்டியா? மேடையில ஏறி நிக்கிற அந்த ரெண்டு நிமிசம் மட்டுமா அவ என் பொண்ணு? தண்ணி குடிச்சு, அசாயிப் பழச்சாறு குடிச்சு, மீன் தின்னுட்டு ஊஞ்சல்ல காலை ஆட்டிக்கிட்டுக் கிடப்பாளே, அவளை நிறுத்துக் கொண்டு வா!" என்றாள். அக்கம்பக்கத்தில் இரண்டு சன்னல்கள் திறந்தன. நான் தாழ்ந்த குரலில், சான்றளிக்கப்பட்ட எண் அது ஒன்றுதான் என்று சொன்னேன். "அப்ப சாமியையே ஏமாத்துற. முப்பது வருசம் கள்ளத் தராசைக் கண்டுபிடிச்ச மனுசன், கடைசியில மாதாவுக்கே எடையில குறைக்கிறியே!" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

உன் உண்மையான எடையைத் தேட என் நோட்டுகளை எடுத்தேன். பதினைந்து வருட நோட்டுகள். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, மழையா வெயிலா என்பதுகூட இருக்கிறது. ஒரு கட்டத்தில் "வரம்பு". அதற்கு அடுத்த கட்டத்தில் "மிகுதி". எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். நீ எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை. ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு, மீதி உன்னையெல்லாம் மிகுதி என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ கடைசியாக ஊருக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய அந்த ஜனவரியில், மிகுதி ஒன்பது கிலோ நானூறு கிராம்.

மறுநாளே பந்தோஜாவிடம் போனேன். "என்ன சார், உங்க பொண்ணு ஒரே நாள்ல குண்டாயிட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வண்டி வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாதி வழியில் மதிய மழை பிடித்துக்கொண்டது. மருந்துக்கடை வாசலில் மெழுகைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது கிலோ நானூறு கிராம், டால்வா. தாளில் அது ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. கையில் வைத்தால் அது ஒரு வயதுக் குழந்தை. ஒரு வயதில் நீ அவ்வளவுதான் இருந்தாய். அந்த எடை மட்டும் எந்த நோட்டையும் பார்க்காமல் எனக்கு நினைவிருக்கிறது. மழை விடும்வரை இறக்கி வைக்க மனம் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா பாளத்தை வாங்கிக்கொண்டு, எனக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அதிலிருந்து பேசுகிறாள்.

இங்கே எழுதியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அது எந்த வரிசை எண்ணிலும் இல்லை. ஜூனில் மருத்துவமனையிலிருந்து நீ கூப்பிட்டபோது தொலைபேசியை எடுத்தவன் நான். "ஆசி குடுங்க அப்பா" என்றாய். சின்ன வயதிலிருந்து எப்போதும் நீ அப்படித்தான் தொடங்குவாய். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று நானும் உடனே சொல்வேன். அன்று உன் குரல் காய்ந்த இலை மாதிரி இருந்தது. நான் ஆசி சொல்லவில்லை. "எத்தனை கிராம் பாக்கி?" என்று கேட்டேன். நீ "எழுநூறு அப்பா" என்றாய். அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது நிறுத்திவைத்த இரண்டாவதற்கு வருகிறேன். இரு பக்கமும் சொல்வேன், முடிவு உன்னுடையது என்று எழுதியிருந்தேன். முடிவு இப்போதும் உன்னுடையதுதான். ஆனால் நீ கேட்டது என் அளவு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேண்டாம், மகளே. அந்த எடையில் வேண்டாம். பட்டம் பெரியது, எனக்குத் தெரியும். நீ ஐம்பத்தேழில் வரிசைக் கடைசியில் நின்றாலும், சண்டையையே விட்டுவிட்டு வந்தாலும், மீன் சந்தையில் தலை நிமிர்ந்து நடப்பேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். இருந்தாலும் இம்முறை கையெழுத்துப் போடுகிறேன்.

ஐந்தாவது, என் வேண்டுகோள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் உன் சுவரில் இருக்கும் அட்டவணையைக் கிழித்துவிடு. என் கையெழுத்து ஆயிற்றே என்று பார்க்காதே. பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடி. அடுத்த முறை கூப்பிடும்போது எந்த எண்ணையும் எனக்குச் சொல்லாதே. நான் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடு.

கடிதத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றாவது செய்தி செல்லாது. அடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ பார்க்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். படகில் நீ தண்ணீர் கேட்டாய். தண்ணீர்ப் புட்டி என் கையில்தான் இருந்தது.

நீ ஜூனில் கேட்டதை இப்போது தருகிறேன்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், டால்வா. உன்னை முழுசாக.

உன் அப்பா,
அர்லிந்தோ

மூன்றாவது தவறு.