சொந்த மைதானத்தில் விருந்தாளிகள்

இன்று காலை மேசைவிரிப்பை மினுக்கிக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டியின் ஓரம் நைலோன் பின்னலில் பட்டு, உருகும் நெடி அறை முழுவதும் பரவியது. ஒரு கணந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தேன். ஒஸ்லோவின் ஓரத்து மோர்டென்ஸ்ருட்டின் குளிர் உள்ளே வந்தது. கூடவே நீங்களும் வந்தீர்கள். "இஞ்சாரும், எத்தினையாம் நம்பரைக் கருக்கிப்போட்டீர்?" என்று கேட்டபடி.

நான் ஒன்றையும் கருக்கவில்லை. உங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் உடுப்புகள் என் கையில் இருந்த காலம் முழுவதும் ஒன்றிலாவது சூட்டுத் தழும்பு இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஈரத் துணியை மேலே விரித்து, இலக்கம் ஒட்டிய பக்கத்தை உள்ளே திருப்பி, மெல்லிய சூட்டில் மினுக்குவேன். உங்கள் கல்யாண வேட்டிக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. உதைபந்தாட்டத்தில் எனக்கு என்ன அக்கறை? இருபத்திரண்டு ஆம்பிளைகள் ஒரு பந்துக்காக அடிபடுகிற விளையாட்டு என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் என் வீட்டிலிருந்து வெளியே போகிற துணி கசங்கியிருக்கக் கூடாது.

ஊரில் நம் கழகத்துக்கு இரண்டு நிறம். மாதா கோயில் மைதானத்தில் ஆடும்போது நீலம், வேறு ஊருக்குப் போனால் வெள்ளை. மாதாவின் நிறம் மாதாவின் முற்றத்தில் மட்டுந்தான் என்று எந்தக் காலத்திலோ ஒரு பங்குச் சுவாமி சொல்லிவைத்த வழக்கம். மன்னார்க் கரையிலிருந்த அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, மைதானத்தில் படைமுகாம் வந்து, ஆடியவர்கள் திக்குத் திக்காகப் போன பிறகு, ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தவர்களைக் கூட்டி அதே பெயரில் கழகத்தைப் பதிந்தீர்கள். நகரத் தொடரின் ஆகக் கடைசிப் பிரிவில் இடம் கொடுத்தார்கள். இரண்டு நிறத்திலும் உடுப்பு எடுப்பித்தீர்கள். வெள்ளை வாராவாரம் சேற்றோடு என்னிடம் வந்தது. நீலம் நம் படுக்கையறை அலுமாரியில், ஒருவரும் போடாமல், தொங்கியது.

"மைதானம் திரும்பிக் கிடைக்கிற அண்டைக்குப் போடுவம்" என்றீர்கள்.

அங்கேதான் சிக்கல். தொடர் என்றால் பாதி ஆட்டம் சொந்த மைதானத்தில், பாதி வெளியில். நமக்குச் சொந்த மைதானமாக ஒதுக்கியது நம் வீட்டுக்குக் கீழே இருந்த திடலை. நீங்கள் அதை ஏற்கவே இல்லை. அங்கே ஆடியபோதும் வெள்ளைதான் போடுவித்தீர்கள். விருந்தாளிக் குழுவின் உடைமாற்றும் அறைக்குள்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஒருநாள் உண்மையான விருந்தாளிகள் வந்து கதவைத் திறந்தால் உள்ளே நம்மவர்கள் அரைகுறை உடுப்போடு. அவர்களுடைய நெடிய பந்துகாப்பாளன் பையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நடுவர் வந்து, இரண்டில் எது ஊர்க்குழு என்று கேட்டார். நீங்கள் தொப்பியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு, உங்கள் நோர்வேஜிய மொழியில், "நாங்கள் பூட்டெலாக். எப்பவும் பூட்டெலாக்" என்றீர்கள். விருந்தாளிக் குழு. அந்த மனிதர் தாளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு ஊதுகுழலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊர்க்குழுவின் வீட்டார்தான் வாஃபல் சுட்டு, கோப்பி ஊற்றி, வந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்பது இங்கத்தைய முறை. நாம் விருந்தாளி என்றால் அந்தக் கடமை எனக்கில்லை என்று நானும் இருந்துவிட்டேன். அது எனக்குப் பொருந்தியும் இருந்தது. கன்னியர் மடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு அது: போன வீட்டில் அடுப்படிக்குள் நுழையாதே, வீட்டுக்காரர் பேச்சைத் தொடங்கும்வரை நீ தொடங்காதே. இந்த நாட்டில் நான் அப்படித்தான் இருந்தேன். லிஃப்டில், கடையில், கோயிலில், மற்றவர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். அவர்களும் நின்றார்கள். இந்த ஊர்க்காரரும் எங்களைப் போலவே பேச்சைத் தொடங்காத சாதி என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

பிறகு அந்தப் பருவம் வந்தது. ஊரில் சண்டை ஓய்ந்து, சமாதானப் பேச்சென்று நோர்வேத் தொலைக்காட்சியிலேயே நம் பக்கத்துப் பெயர்கள் அடிபட்ட காலம். வசந்தத்தில் நம் பொடியன்கள் நன்றாகத்தான் தொடங்கினார்கள். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, தலைவன் ஜெறோம் நம் வீட்டுக்கு வந்தான். பஸ் ஓட்டுகிற பிள்ளை, கையில் குழந்தை. கூடவே கார்த்திக். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்து, இடது பக்கத்தில் முயல்போல ஓடிக்கொண்டிருந்தவன். நான் தேத்தண்ணீர் வைக்க எழும்பவில்லை. விஷயம் பெரிதென்று முகத்தில் தெரிந்தது.

"அங்கிள், கடைசி மட்ச் இஞ்சைதானே. அதுக்கு நீலத்தைத் தாங்கோ" என்றான் ஜெறோம்.

"ஏன், வெள்ளை உடுப்பிலை கோல் அடிக்க ஏலாதோ உனக்கு?"

"அடிக்கலாம். என்ர மூத்தவன் கேக்கிறான், அப்பா, நீங்கள் ஏன் எங்கை விளையாடினாலும் விருந்தாளி எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"ஊரைச் சொல்லு."

"அவன் ஊரை எங்கை கண்டான், அங்கிள்!"

கார்த்திக் இடையில் வந்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்க ஊர் மேப்ல எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. ஆனா என் பால்கனில நின்னா இந்த கிரவுண்டு தெரியுது. எனக்கு இதுதான் சார் ஹோம் கிரவுண்டு."

ஜெறோம் சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை. "கேட்டீங்களே? போன வருசம் வந்தவனுக்கு இது வீடாம். பதினைஞ்சு வருசமா இருக்கிற நாங்கள் விருந்தாளியாம்." பிறகு குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: கடைசி ஆட்டத்தையும் விருந்தாளியாக ஆடச் சொன்னால், தானும் பொடியன்களில் பாதிப்பேரும் அடுத்த பருவம் வேறு கழகத்துக்குப் போய்விடுவார்கள்.

நீங்கள் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். அவர்களை வாசல்வரை அனுப்பிவைத்தது நான். கழகம் உடைந்தால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். நீலத்தைக் கொடுத்தாலும் உடைந்துபோவீர்களோ என்பதுதான் என் பயம்.

ஆடி மாதம் தொடருக்கு விடுமுறை. பாதை திறந்திருந்தது, ஊரைப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்றீர்கள். என் முழங்கால் அந்தப் பயணத்தைத் தாங்காது. நீங்கள் போன மறுநாள் குளிர்கால உடுப்புகளை உள்ளே வைக்க அலுமாரியைத் திறந்தேன். நீலம் தொங்கிய கொழுவிகள் வெறுமையாக ஆடின. ஒன்றும் மிச்சமில்லை. ஜெறோம் தொலைபேசியில் இரண்டு தரம், "அங்கிள் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது பொய்யில்லை.

திரும்பி வந்த அன்று நீங்கள் சப்பாத்தைக் கழற்றமுன்னரே, "எங்கை அது?" என்று கேட்டேன்.

"இரும், சொல்லுறன்" என்று கதிரையில் இருந்தீர்கள். முகத்தில் வெயில் எரித்த கறுப்பு. முகாம் விலகிவிட்டது என்றீர்கள். கோயிலுக்குக் கூரை இல்லை. நம் வீடுகளில் வேறெங்கிருந்தோ இடம்பெயர்ந்த சனம். மைதானத்தில் அவர்களுடைய பொடியன்கள் வெறுங்காலோடு பந்தடித்துக்கொண்டு நின்றார்களாம். நீங்கள் எல்லைக்கோட்டில் போய் நின்றதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தான். இன்னொருவன் இளநீர் வெட்டினான். "ஐயா எந்த ஊர்? பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒஸ்லோ எண்டன்."

நீங்கள் சிரித்தீர்கள். கண் சிரிக்கவில்லை, பிறகு அதுவும் சிரித்தது. "இஞ்சாரும், நான் பந்தடிச்ச மண்ணிலை எனக்குக் கதிரை போட்டு இருத்தினவங்கள். வடிவா வரவேற்றவங்கள், குறை சொல்ல ஏலாது. அங்கையும் நான் விருந்தாளி, இஞ்சையும் விருந்தாளி எண்டால், நான் எங்கைதான் போய் வீட்டுக்காரனா இருக்கிறது?"

நீலம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தீர்கள். அந்த மண்ணில் போடவேண்டியதை அந்த மண்ணில் ஆடுகிறவன் போடட்டும் என்று. பெரிய பிள்ளைகளின் அளவு. சின்னவர்களுக்கு முழங்கால்வரை தொங்கியதாம். அதைச் சொல்லும்போது கையை முழங்காலில் வைத்துக் காட்டினீர்கள்.

ஜெறோம் வந்தபோது அதையே சொன்னீர்கள். அவன் முகம் இறுகியது. "அப்ப எங்களுக்கு?"

"உடுப்பு அவங்கட. வேலை எங்கட. கடைசி ஆட்டத்துக்குக் கோடு போடுறது, வலை கட்டுறது, மூலைக்கொடி நடுறது எல்லாம் நீங்கள்தான். முதலாம் அறையிலை உடுப்பு மாத்துங்கோ. இஞ்சை நாங்கள்தான் ஊர்க்குழு."

"வெள்ளையோடையோ?"

"வெள்ளையோடைதான். வீட்டுக்காரன் எந்தச் சட்டை போட்டாலும் வீட்டுக்காரன்தான்."

அவன் என் பக்கம் திரும்பி, "அப்ப வாஃபல் அன்ரியோ?" என்றான்.

நான்தான். கீழ்வீட்டு நோர்வேஜியப் பெண்ணிடம் நானாகப் போய்க் கதவைத் தட்டி, வாஃபல் சுடும் அச்சை இரவல் கேட்டேன். மாவுக்கு ஏலக்காய் என் அளவில் போட்டேன். ஜெறோம் ஒன்றைக் கடித்துவிட்டு, "அன்ரி, இது வாஃபலோ ஊர் வட்டிலப்பமோ?" என்றான். வந்த குழுவினர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதற்குமேல் எனக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை.

நீங்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் திடலின் வாசலில் நின்றீர்கள். வந்த ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்து, "வெல்கொம்மென் தில் ஒஸ்" என்றீர்கள். எங்களிடம் வாருங்கள். உங்கள் வாயில் அந்த மொழி அதற்குமுன் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. மோட்டார்ச் சைக்கிள் தலைக்கவசத்தோடு வந்த ஒருவன் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கை கொடுத்தான்.

தோற்றோம். கார்த்திக் ஒன்று அடித்தான், அவர்கள் மூன்று அடித்தார்கள். வீட்டுக்கு ஏறி வரும்போது நீங்கள் நடுவழியில் நின்று, "எவ்வளவு ஆட்டம் தோத்திருக்கிறம். சொந்த இடத்திலை தோத்தது இண்டைக்குத்தான், வெக்கமாக் கிடக்கு" என்றீர்கள். அவ்வளவு மகிழ்ச்சியோடு யாரும் வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் அப்படிச் செய்கிற வழக்கம் எனக்கில்லை.

ஒருவரும் கழகத்தைவிட்டுப் போகவில்லை. நீங்கள்தான் போனீர்கள், அதற்கடுத்த குளிர்காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல். பிறகு ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியது. நீங்கள் அதைக் காணாதது நல்லதென்று சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. முழங்கால்வரை தொங்கிய நீலத்தோடு அந்தப் பிள்ளைகள் எங்கே ஓடினார்களோ. செபமாலையில் அவர்களுக்கென்று ஒரு பத்து மணி தனியாக வைத்திருக்கிறேன். பெயர் தெரியாததால் சட்டை இலக்கங்களைச் சொல்லி வேண்டுகிறேன். மாதாவுக்கு விளங்கும்.

கழகம் இருக்கிறது, இப்போதும் வெள்ளைதான். உடுப்பை ஜெறோமின் மனைவி இயந்திரத்தில் போட்டு அப்படியே மடித்துவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன கிழமை எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. நோர்வேஜியர், வடக்கிலிருந்து, இளம் வயது, பெட்டிகள் மாடிப்படியெங்கும். ஒருவரும் அவர்களோடு கதைக்கவில்லை, இங்கே அதுதான் முறை. நான் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணின் தலைமுடியில் தூசி. கையை நீட்டி, "வெல்கொம்மென் தில் ஒஸ்" என்றேன். அவள் என் சேலையைப் பார்த்தாள், நரைத்த தலையைப் பார்த்தாள், பிறகு தன் கையை அவசரமாகக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினாள். "நாங்கள் இங்கே புதிது" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

"பரவாயில்லை" என்றேன். "நான் இருக்கிறேன்."