ஏழு போனும் ஒரு மேசை விசிறியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, சித்தி சுகம், எனக்குத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து படபடப்பு அடங்கவில்லை. டாக்டரிடம் போகிற படபடப்பு இல்லை, பயப்படாதே. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

அன்றைக்கு எங்கள் காண்ட்ராக்டர் என்னைப் புறவழிச்சாலையில் இருக்கிற ஜன்னலே இல்லாத அந்தப் பெரிய கட்டடத்துக்கு அனுப்பினார், குழாய் இணைப்பில் கசிவு என்று. முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி, ஹோட்டல் என்று எங்கெங்கோ குழாய் போட்டவன் நான், ஆனால் அம்மாடி, என் தொடை பருமனுக்குத் தண்ணீர்க் குழாய்கள் வரிசையாகப் போகின்றன, உள்ளே குடியிருக்கிற மனுஷர் ஒருவர்கூட இல்லை! பீரோ பீரோவாக இயந்திரங்கள், காது கிழிகிற இரைச்சல், பின்பக்கம் நின்றால் முகத்தில் அனல். மேற்பார்வைக்கு நின்ற இன்ஜினியர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். யாரும்மா இவ்ளோ தண்ணி குடிக்கிறது என்று கத்திக் கேட்டேன். மெஷினுங்கதான் சார், சூடு ஆறணும்ல, நிறைய ஆவியாவே போயிடும் என்றாள். அப்படி என்னதான் வேலை செய்யுது என்றேன். பெரும்பாலும் வீடியோதான் சார், ஜனங்க போன்ல கேக்குறாங்க, இது அனுப்பிக்கிட்டே இருக்கு என்றாள். யாருமே பாக்காம சும்மா ஓடினா என்று கேட்டேன். பாக்குறாங்களா இல்லையான்னு அதுக்கென்ன சார் தெரியும், ஓடினா ஓடுறதுதான் என்று சிரித்தாள். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது.

ஏன் விழுந்தது என்று சொல்கிறேன், திட்டாதே. போன வருஷம் நீ உன் மாடித்தோட்ட வீடியோவைப் போட்டுவிட்டு, யாருமே பாக்கலைப்பா என்று சோர்ந்து சொன்னாயே, எனக்கு மனசு கேட்கவில்லை. சித்தியின் உடைந்த போன், மாமா ஓரம்கட்டிய போன் என்று ஏழு போன் சேர்த்து, உன் பழைய அறைக் கட்டிலில் வரிசையாகப் படுக்கவைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பத்து மாசம், இரவும் பகலும். படம் பளிச்சென்று இருந்தால் உனக்குக் கௌரவம் என்று இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வேறு வைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க! போன்கள் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகின்றன என்று அம்மா அவற்றுக்கு மேசை விசிறி வைத்தாள். நாங்கள் இங்கே விசிறி வைத்தோம், அவர்கள் அங்கே ஊர்த் தண்ணீரைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும், ஒரு போன்னா ரொம்பக் கொஞ்சம்தான் சார் என்று அந்தப் பெண் சமாதானம் சொன்னாள். ஒரு சொட்டுதானே என்கிறவர்களிடம், குழாயடியில் வாளியை வைத்துப் பாருங்கள் என்று வீடுவீடாகச் சொல்லி வந்தவன் நான். என்னிடமா அந்தக் கதை!

இதைவிடப் பெரிய அதிர்ச்சி வீட்டுக்கு வரும் வழியில்தான். நம்ம ஊர்லேர்ந்துதான்ப்பா விடாம பாக்குறாங்க, அதை நம்பி மாசக் கடைசியில வேலைய விடப்போறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணு, அந்த ஊர் உன் கட்டில்தான். ஏழு போனையும் அணைத்துவிட்டேன், இனி எண்ணிக்கை இறங்கும், உன் மேல் தப்பில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே, கொடுத்திருந்தால் உடனே திரும்பக் கேள். தோட்டத்தை விடாதே, வேலையையும் விடாதே.

அணைப்பதற்கு முன்னால் அம்மாவும் நானும் ஒரே போனில், சத்தம் வைத்து, முதல் தடவையாக முழுசாகப் பார்த்தோம். பத்து மாசம் ஓட்டியவர்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால் நம்புவாயா? காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, கடைசியில் கேமராவைப் பார்த்து, ஒரு சொட்டுகூட வீணாக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தது எங்கப்பா, அவர் குழாய் வேலை செய்றார் என்கிறாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் விசிறியை நிறுத்தினேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும். ராஜினாமா விஷயத்தை மறக்காதே.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
அப்பா